புது வீடு: அட்வான்ஸுக்கு முன் புரிய வேண்டிய சொற்கள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் புது வீடு பார்க்கப் போகிறவர்கள் தரை ஓட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், வாஸ்து தெரிந்தவரைக் கூடவே அழைத்துப் போகிறார்கள். ஆனால், சதுர அடி, யூடிஎஸ், அப்ரூவல், நிறைவுச் சான்று, பவர் போன்ற சொற்களுக்குப் புரோக்கர் சொன்ன பொருளை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் ஒரு பொருள் இருக்கிறது. விளம்பரத்தில் பல நேரம் வேறு பொருள் இருக்கிறது. அந்த இடைவெளிக்கான விலையை வீடு வாங்குபவர்தான் கொடுக்கிறார்.

சேலம் 1994 முதல் மாநகராட்சி. நாமக்கல் 2024இல் அந்தத் தகுதியைப் பெற்றது. இரு நகரங்களும் சுற்றுக் கிராமங்களை நோக்கி வேகமாகப் பரவுகின்றன. சோளமும் மரவள்ளியும் விளைந்த காடுகளில் மனைக் கற்கள் நடப்படுகின்றன. லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, விசைத்தறி, வெள்ளிக் கொலுசு என்று இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் இந்த வீடுகளுக்குள் போகிறது. ஒருவர் தன் ஆயுளில் கையெழுத்திடும் ஆகப் பெரிய ஒப்பந்தம் இதுவாகத்தான் இருக்கும்.

எட்டு வீடு என்னும் எல்லைக்கோடு

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. 'ரெரா' என்று மக்கள் சொல்வது இதைத்தான். பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இந்தச் சட்டம் பல பாதுகாப்புகளைத் தருகிறது.

ஆனால், ஒரு வரம்பு உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ ரெரா பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பன்னிரண்டேகால் சென்ட். சேலம், நாமக்கல் புறநகர்களில் கண்ணில் படும் திட்டங்கள் பல இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பத்து சென்ட்டில் நாலு தனி வீடு, பன்னிரண்டு சென்ட்டில் ஆறு டூப்ளக்ஸ் என்று கட்டி விற்பதுதான் இங்குள்ள சிறு பில்டர்களின் வழக்கம்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால், பெருநகரத்து அடுக்ககத்தில் வீடு வாங்குபவருக்குச் சட்டம் தானாகத் தரும் பாதுகாப்பு, சீலநாயக்கன்பட்டியிலோ ராசிபுரத்திலோ வரிசை வீடு வாங்குபவருக்குக் கிடைக்காமல் போகலாம். அவருக்கு அக்ரிமெண்ட்டில் எழுதப்பட்ட வரிகள்தாம் முதல் துணை. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தெரிந்துகொண்டு அதை எழுத்தில் வாங்க வேண்டிய அவசியம் இங்கே இரட்டிப்பாகிறது.

சதுர அடி: எங்கிருந்து எங்கே?

'1,200 சதுர அடி வீடு' என்று விளம்பரம் சொல்கிறது. எங்கிருந்து எங்கே அளந்தது என்பது அதில் இருக்காது.

வெளிப்புறம் 30 அடிக்கு 40 அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 1,200 சதுர அடி. சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவர். உள்ளே டேப் பிடித்தால் இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை, அதாவது 1,097 சதுர அடி. வெளிச்சுவருக்கு மட்டுமே 100 சதுர அடிக்கு மேல் போய்விட்டது. அதே கூரையின் கீழ் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு முன் வராந்தா இருந்தால், புழங்கக் கிடைப்பது 980 சதுர அடிக்கும் குறைவு.

ரெரா சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்று வரையறுப்பது இந்தக் கடைசி அளவைத்தான். வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மொட்டை மாடி ஆகியவை அதில் சேராது. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர் சேரும். 'பில்ட்-அப் ஏரியா' என்றால் வெளிச்சுவரும் பால்கனியும் சேர்ந்தது. 'சூப்பர் பில்ட்-அப்' என்றால் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை ஆகிய பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது. இதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. பில்டர் போடும் கணக்குத்தான்.

ஒரு அடுக்ககத்தில் 1,200 சதுர அடி, அடிக்கு 4,000 ரூபாய் என்றால் விலை 48 லட்சம். கார்ப்பெட் ஏரியா 860 சதுர அடிதான் என்றால், உண்மையில் அடிக்கு 5,580 ரூபாய் ஆகிறது. பக்கத்துத் திட்டத்தில் '4,800 ரூபாய், கார்ப்பெட் கணக்கு' என்று சொன்னால் அதுதான் மலிவு. சதுரக் கணக்கில் பேசிப் பழகியவர்கள் 'பன்னிரண்டு சதுரம்' என்று கேட்டதும் தலையாட்டிவிடுகிறார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்க வேண்டும்.

நிலத்தில் எவ்வளவு பங்கு?

அடுக்ககத்தில் சுவருக்கும் கூரைக்கும் ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம்தான். மதிப்பு ஏறுவது அடியில் இருக்கும் நிலத்துக்கு. அந்த நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பாகம்தான் 'யூடிஎஸ்'.

4,800 சதுர அடி நிலத்தில் ஒரே அளவில் எட்டு வீடுகள் என்றால் ஆளுக்கு 600 சதுர அடி வர வேண்டும். கிரயப் பத்திரத்தில் 450 என்று இருந்தால், மிச்சம் 1,200 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பில்டரோ நில உரிமையாளரோ அதைத் தன்னிடம் வைத்திருந்தால், பின்னாளில் மேலே ஒரு தளம் கட்டவோ, இடித்துக் கட்டும்போது பங்கு கேட்கவோ அவருக்கு வழி இருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். எனவே, யூடிஎஸ் அளவு இன்னும் முக்கியமாகிவிட்டது.

தனி வீடு வாங்குபவருக்கும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். ஒரு மனையை நாலாகப் பிரித்து வரிசையாகக் கட்டும்போது, பின்வீட்டுக்குப் போக ஒரு பொதுப் பாதை விடுகிறார்கள். போர், சம்ப், செப்டிக் டேங்க் சில இடங்களில் நாலு வீட்டுக்கும் பொது. பாதையின் அகலம் எவ்வளவு, அதில் வண்டி நிறுத்தலாமா, போர் மோட்டார் பழுதானால் செலவு யாருடையது என்பதெல்லாம் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வர வேண்டும். 'எல்லாருக்கும் பொதுதாங்க' என்ற வாய்ச்சொல், அடுத்த வீடு கைமாறிய அன்றே செல்லாததாகிவிடும்.

அப்ரூவல் ஒன்றல்ல

'டிடிசிபி அப்ரூவ்டு' என்று பலகை வைத்திருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் அதிகம். நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப் பிரிவுக்குத் தரும் ஒப்புதல் வேறு, அந்த மனையில் வீடு கட்ட உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி வேறு. அப்ரூவ்டு மனையில் அனுமதி இல்லாமல் கட்டிய வீடும் இருக்கலாம். ஒரு வீட்டுக்கு அனுமதி வாங்கி இரண்டு கட்டியிருக்கவும் கூடும். ஒப்புதல் பெற்ற மனையை மேலும் துண்டாக்கினால் அந்த உட்பிரிவுக்கும் தனி ஒப்புதல் வேண்டும்.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை செய்தபோது மாநிலம் முழுக்கப் பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் விற்கப்பட்ட மனைகளை வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல் தவித்தார்கள். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முந்தைய பிரிவுகளுக்கு அதில் வழி கிடைத்தது. எனவே, பழைய மனையில் புது வீடு என்றால், அந்த மனை வரன்முறை செய்யப்பட்டதா என்பதற்கு ஆணையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது பணி நிறைவுச் சான்று. அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டடம் எழும்பியிருக்கிறது என்பதற்கான ஆவணம் அது. சிறு குடியிருப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. விலக்குக்குள் வராத கட்டடத்தைச் சான்று இல்லாமல் 'ரெடி டு ஆக்குப்பை' என்று சொன்னால் ஏற்கக் கூடாது. குடியேறுவதற்கான சான்றை வாங்கித் தராதது சேவைக் குறைபாடே என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் மும்பை வழக்கொன்றில் தீர்ப்பளித்திருக்கிறது.

இதில் மின் இணைப்பையும் கவனிக்க வேண்டும். கட்டுமானப் பணிக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே வீட்டை ஒப்படைத்துவிட்டால், வீட்டு உபயோகத்துக்கான இலவச 100 யூனிட்டும் கிடைக்காது. கூடுதல் கட்டணமும் கட்ட நேரும். சாவி வாங்கும் முன் மின் அட்டையில் எந்தக் கட்டண வகை என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

பட்டா, வில்லங்கம், பவர்

பட்டா வருவாய்த் துறை தரும் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமை எப்படிக் கைமாறி வந்தது என்பதைத் தாய்ப் பத்திரத்திலிருந்து சங்கிலியாகப் பார்க்க வேண்டும். அந்தச் சங்கிலியில் பாகப்பிரிவினை இருந்தால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டார்களா, மைனர் பங்கு இருந்ததா என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்ப்பது அவசியம். கூட்டுக் குடும்பத் தோட்டங்கள் மனைகளாக மாறும் இந்தப் பகுதியில் வழக்குகள் முளைக்கும் இடம் இது.

வில்லங்கச் சான்று, பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும். பதிவாகாத உயிலையோ, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கையோ அதில் எதிர்பார்க்க முடியாது. பதிவுத் துறை இணையதளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம். புலப்பட வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால் பக்கத்தில் ஓடையோ ஏரிப் புறம்போக்கோ இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏரிகளும் ஓடைகளும் சூழ வளர்ந்த சேலத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

'பவர்' வைத்திருப்பவர் விற்கும்போது இன்னும் கவனம் தேவை. பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவுபடுத்திவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா, அதில் விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். நில உரிமையாளர் அந்த ஊரிலேயே இருப்பவர் என்றால் நேரில் போய்க் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

விலைக்கு மேல் எவ்வளவு?

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. 2019 ஏப்ரல் முதல் பொது விகிதம் 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள்ளும், சேலம், நாமக்கல் போன்ற ஊர்களில் கார்ப்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும், அதாவது சுமார் 968 சதுர அடிக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். 44 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வரி 44,000 ரூபாய். அதுவே 46 லட்சம் ஆனால் 2.30 லட்சம். கார் நிறுத்தம், மரவேலை என்று சேர்த்து விலையை ஏற்றும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். நிறைவுச் சான்று வந்த பிறகே முழுப் பணமும் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

பத்திரச் செலவிலும் வித்தியாசம் இருக்கிறது. தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். 45 லட்சம் ரூபாய் மதிப்புக்குத் தனி வீடு என்றால் 4.05 லட்சம், அடுக்குமாடி வீடு என்றால் 2.70 லட்சம்.

வங்கிக் கடன் இந்தச் செலவுக்குக் கை கொடுக்காது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. 45 லட்சம் ரூபாய் தனி வீட்டுக்கு 36 லட்சம் கடன் கிடைத்தாலும், கையில் 13 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் சொத்து வரிப் பெயர் மாற்றமும் இதில் சேரவில்லை.

கட்டுமானம் முடியும் வரை கட்டும் 'ப்ரீ-இஎம்ஐ' வெறும் வட்டி. 20 லட்சம் விடுவிக்கப்பட்டிருந்தால் 8.5 சதவீத வட்டியில் மாதம் 14,167 ரூபாய், ஆண்டுக்கு 1.70 லட்சம் போகும். அசலில் ஒரு ரூபாயும் குறையாது. வீடு ஓராண்டு தாமதமானால், குடியிருக்கும் வீட்டின் வாடகையோடு இந்த வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

'கொஞ்சம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், பத்திரச் செலவு மிச்சமாகும்' என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. தகராறு வந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், பத்திரத்தில் காட்டாத தொகையைக் கொடுத்ததற்குச் சான்று இருக்காது.

'அதற்கு இணையான' என்ற இரு சொற்கள்

சிமென்ட், கம்பி, ஓடு, ஒயர் என்று பெயர் போட்ட பட்டியலின் முடிவில் 'அல்லது அதற்கு இணையான' என்று ஒரு வரி இருக்கும். எது இணை என்பதை முடிவு செய்பவர் பில்டர். மாற்றுவதென்றால் வாங்குபவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லலாம்.

'பொருள் விலை ஏறினால் கூடுதல் தொகை' என்ற நிபந்தனையும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏற்றத்தை வாங்குபவர் தலையில் வைக்கும் ஒப்பந்தம் இறக்கத்தையும் அவருக்குத் தர வேண்டும் அல்லவா?

தாமதத்துக்கான வட்டியிலும் சமநிலை வேண்டும். வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீதம், பில்டர் தாமதித்தால் பெயரளவுக்கு ஒரு தொகை என்பது போன்ற ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னது. ரெரா சட்டப்படி இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதம்தான்.

கட்டடத்தின் உறுதி இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28இல் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ரெரா சட்டத்தின் கீழ், ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ரெரா பதிவு தேவைப்படாத வீட்டுக்கு இதே ஐந்தாண்டு உறுதியை அக்ரிமெண்ட்டில் எழுதி வாங்குவதுதான் வழி.

செய்ய வேண்டியவை

வாங்குபவர்கள் அட்வான்ஸுக்கு முன் ஆறு நகல்களைக் கேட்க வேண்டும்: தாய்ப் பத்திரம் முதலான ஆவணச் சங்கிலி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டாவும் புலப்பட வரைபடமும், மனைப் பிரிவு ஒப்புதல், கட்டட அனுமதியும் வரைபடமும், நிறைவுச் சான்று அல்லது அது தேவையில்லை என்பதற்கான விதி. 'வங்கியே லோன் கொடுக்குது' என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். வங்கி வழக்கறிஞரின் கருத்து வங்கிக்கானது. தனியாக ஒரு வழக்கறிஞரும், ஒரு நாள் வந்து டேப் பிடித்துப் பார்க்க ஒரு பொறியாளரும் வேண்டும். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

அக்ரிமெண்ட்டை முத்திரைத் தாளோடு நிறுத்திவிடாமல் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். கார்ப்பெட் ஏரியா, நிலப் பங்கு, ஒப்படைக்கும் தேதி, தாமத வட்டி, ஐந்தாண்டு உறுதி ஆகிய ஐந்தும் எண்களாக அதில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி சேவை என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் சேலம், நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையங்களிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம்.

அரசு செய்யக்கூடியது ஒன்று உடனடியாகக் கையில் இருக்கிறது. 500 சதுர மீட்டர், எட்டு வீடு என்ற வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு ரெரா சட்டமே அதிகாரம் தருகிறது. முதல் கட்டமாக, விற்பனைக்காகக் கட்டப்படும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கலாம். அதற்கும் சிறிய திட்டங்களுக்கு, ஒரு பக்கத்துக்கு மிகாத தமிழ் விவரத் தாளைப் பதிவுத் துறை வகுக்கலாம்: கார்ப்பெட் ஏரியா, நிலப் பங்கு, அனுமதி எண், நிறைவுச் சான்றின் நிலை, மின் இணைப்பின் கட்டண வகை. விற்பவர் கையெழுத்திட்ட அந்தத் தாள் இல்லாமல் புது வீட்டின் கிரயத்தைப் பதியக் கூடாது என்று சேலம், நாமக்கல் சார்பதிவாளர் அலுவலகங்களிலேயே இதைச் சோதனை முறையில் தொடங்கலாம்.